இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்

இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் எனப்படுவது, சந்தையில் கிடைக்கும் கியரற்ற ஸ்கூட்டர் ஒன்றின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம் பொருத்தி, கால்களை ஊன்றாமலேயே நிற்கவும் ஓடவும் கூடியவாறு மாற்றியமைக்கப்பட்ட ஊர்தி ஆகும். இது பெரும்பாலும் இளம்பிள்ளை வாதம், முதுகுத்தண்டுக் காயம், விபத்தில் கால் இழப்பு போன்ற காரணங்களால் கால்களின் செயல்பாடு குறைந்தவர்களால் பயன்படுத்தப்படுகின்றது. முன்சக்கரம் ஒன்று, பின்புறம் மூன்று என மொத்தம் நான்கு சக்கரங்கள் இதில் உள்ளன. எனினும் பேச்சு வழக்கில் இது மூன்று சக்கர ஸ்கூட்டர் என்றே அழைக்கப்படுகின்றது.

ஸ்கூட்டர்களில் செய்யப்படும் மாற்றங்களுள் பெரும்பாலானவை அழகுக்காகவோ வேகத்துக்காகவோ செய்யப்படுபவை. இணைப்புச் சக்கரம் அவற்றிலிருந்து வேறுபட்டது. இம்மாற்றம் இல்லையெனில் அதன் உரிமையாளரால் அவ்வூர்தியை ஓட்டவே இயலாது. அதேவேளை, இது ஊர்தியின் சமநிலை, திருப்பம், நிறுத்தம் ஆகிய மூன்றையும் அடிப்படையிலேயே மாற்றிவிடுகின்றது. எனவே இதன் இயங்குமுறையை அறிந்திருப்பது பொருத்துபவருக்கும் ஓட்டுபவருக்கும் இன்றியமையாதது.

== பெயர் ==

தமிழ்நாடு அரசின் அறிவிப்புகளில் "இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்" என்ற தொடர் வழங்குகின்றது. பட்டறைகளில் இது "சைடு வீல் வண்டி" எனப்படும். கூடுதல் சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் சட்டம், இணைக்கும் ஆணிகள் ஆகியவை சேர்ந்த தொகுதி "சைடு வீல் கிட்டு" என்று அழைக்கப்படுகின்றது.

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988 இத்தகைய ஊர்திகளைத் தொடக்கத்தில் "நோயாளர் ஊர்தி" என்று பொருள்படும் சொல்லால் குறித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொல்லை நீக்கி, "தகவமைக்கப்பட்ட ஊர்தி" என்று பொருள்படும் சொல்லை அதனிடத்தில் வைத்தது. தமிழ்நாட்டில் 2010-ஆம் ஆண்டு முதல் "ஊனமுற்றோர்" என்பதற்குப் பதிலாக "மாற்றுத்திறனாளி" என்ற சொல் அரசு வழக்கில் பயன்படுத்தப்பட்டு வருகின்றது.

== வரலாறு ==

=== பிற நாடுகளில் ===

நடக்க இயலாதவர்களுக்கான விசை ஊர்திகள் பெருமளவில் உருவாக்கப்பட்ட நாடுகளுள் பிரித்தானியா குறிப்பிடத்தக்கது. பெர்ட் கிரீவ்ஸ் என்னும் பொறியியலாளர், கால்கள் செயலிழந்த தம் உறவினர் டெர்ரி பிரஸ்டன்-காப் என்பவருக்காக விசையுந்து ஒன்றை மாற்றியமைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இருவரும் இணைந்து இன்வாகார் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, எசெக்சு மாவட்டத்தில் மூன்று சக்கர ஊர்திகளை உற்பத்தி செய்தனர். போரில் காயமுற்றோருக்கும் பின்னர் பிற மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்நாட்டு அரசு இவ்வகை ஊர்திகளை இலவசமாக வழங்கியது. முன்புறம் ஒரே சக்கரம் கொண்ட இவ்வூர்திகளின் நிலைத்தன்மை குறித்து நெடுங்காலம் கேள்விகள் எழுந்தன. 2003 மார்ச் 31-க்குப் பின் அரசு வழங்கிய இவ்வூர்திகள் பிரித்தானியச் சாலைகளில் ஓட அனுமதிக்கப்படவில்லை. முன்னால் ஒன்று, பின்னால் அகன்ற அச்சு என்ற இதே முக்கோண அடிப்படைதான் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரிலும் உள்ளது.

=== இந்தியாவில் ===

இந்தியாவில் நடக்க இயலாதவர்களுக்கு நெடுங்காலம் கிடைத்தது கையால் சுற்றி இயக்கும் மூன்று சக்கர வண்டியே ஆகும். கான்பூரில் 1972-இல் நிறுவப்பட்ட அலிம்கோ என்னும் நடுவண் அரசு நிறுவனம் செயற்கை உறுப்புகளுடன் இத்தகைய வண்டிகளையும் உற்பத்தி செய்து வருகின்றது. கைவண்டி குறுகிய தொலைவுக்கு ஏற்றது. மேம்பாலம் ஏறுவதற்கும், நாள்தோறும் பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள பணியிடத்துக்குச் செல்வதற்கும் தோள்களின் வலிமை போதுவதில்லை.

1972 முதல் விற்பனைக்கு வந்த பஜாஜ் சேத்தக் போன்ற பழைய ஸ்கூட்டர்களில் கிளட்சும் கியரும் இடக்கைப் பிடியில் அமைந்திருந்தன. ஆனால் பின்சக்கர நிறுத்தி வலக்காலால் மிதிக்கப்படுவது. இயந்திரத்தைத் தொடங்கவும் கால் தேவை. ஆகவே சக்கரங்களைச் சேர்த்தாலும், நிறுத்தியையும் தொடக்கியையும் கைக்கு மாற்றும் கூடுதல் வேலை இருந்தது.

1984-இல் உருவான கைனடிக் ஹோண்டா கூட்டு நிறுவனத்தின் ஸ்கூட்டர் இந்நிலையை மாற்றியது. அதில் கியர் மாற்றும் தேவை இல்லை. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் தொடங்கும். இரு நிறுத்திகளும் கைப்பிடியிலேயே அமைந்திருந்தன. ஓட்டுநரின் கால்களுக்கு எந்த வேலையும் தராத இவ்வமைப்பு, பொது நுகர்வோரின் வசதிக்காகவே உருவாக்கப்பட்டது. எனினும் இணைப்புச் சக்கரம் பொருத்துவதற்கு மிகவும் ஏற்ற அடிப்படையாக அது அமைந்தது. 1990-களில் ஓசூரைச் சேர்ந்த டிவிஎஸ் நிறுவனத்தின் ஸ்கூட்டியும், 2000-களில் ஹோண்டா ஆக்டிவாவும் பரவிய பின், உதிரிப்பாகங்கள் எங்கும் கிடைக்கும் நிலை ஏற்பட்டது.

=== தமிழ்நாட்டில் ===

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை விலையின்றி வழங்கும் திட்டத்தைச் செயற்படுத்தி வருகின்றது. இரு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நன்கு செயற்படும் மாணவர்கள், பணியாளர்கள், சுயதொழில் செய்வோர் ஆகியோர் இத்திட்டத்தின் முதன்மைப் பயனாளிகள் ஆவர். விண்ணப்பங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் பெறுகின்றது. அரசுத் திட்டத்தின் வழியன்றி, சொந்தச் செலவில் ஸ்கூட்டர் வாங்கி உள்ளூரில் சக்கரம் பொருத்திக் கொள்வோரும் உள்ளனர்.

== அமைப்பு ==

இணைப்புச் சக்கரத் தொகுதியில் பின்வரும் பகுதிகள் உள்ளன.

* தாங்கு சட்டம்: சதுரக் குழாய் அல்லது கனமான இரும்புப் பட்டையைப் பற்றவைத்துச் செய்யப்படுவது. இது ஸ்கூட்டரின் அடிச்சட்டத்துடன் மரையாணிகளால் இறுக்கப்படும்.
* பக்கச் சக்கரங்கள்: பெரும்பாலும் ஸ்கூட்டரின் சக்கரத்தை ஒத்த 10 அங்குல அளவினவை. இவை தாங்கு உருளைகளின் மீது தடையின்றி உருளும். இயந்திரத்தின் விசை இவற்றுக்குச் செல்வதில்லை.
* அதிர்வுத் தாங்கிகள்: ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் தனியாகச் சுருள்வில் அமைந்த தாங்கி. மலிவான தொகுதிகளில் இது இருப்பதில்லை.
* சேற்றுத் தடுப்பிகள், பின்புற ஒளிதிருப்பிகள்: ஊர்தியின் மிகு அகலத்தைப் பின்னால் வருபவருக்குக் காட்டுவதற்கு இவை உதவுகின்றன.
* பின்னோக்கு அமைப்பு: சில தொகுதிகளில் மட்டும் காணப்படுவது.

கியரற்ற ஸ்கூட்டரில் இயந்திரமும் பின்சக்கரமும் ஒரே கட்டமைப்பாக அடிச்சட்டத்தில் கீல் கொண்டு பிணைக்கப்பட்டிருக்கும். சாலையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப இயந்திரமும் சக்கரத்துடன் சேர்ந்தே மேலும் கீழும் அசையும். ஆகையால் பக்கச் சக்கரங்களை இயந்திரத்தின் மீது பொருத்த முடியாது. அடிச்சட்டத்தில்தான் பொருத்த வேண்டும். மாற்றியமைத்தலில் எழும் சிக்கல்களுள் பல இந்த ஒரு காரணத்திலிருந்து தோன்றுகின்றன.

பின்சக்கரத்தை நீக்கிவிட்டு, ஆட்டோரிக்சாவைப் போல இரு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் அச்சைப் பொருத்தும் முறையும் உண்டு. இதில் நிலைத்தன்மை கூடும். ஆனால் செலவும் எடையும் மிகுதி என்பதால் இது அரிதாகவே கையாளப்படுகின்றது.

== ஓட்டும் முறையில் ஏற்படும் மாற்றம் ==

ஈருருளி திரும்பும்போது உட்புறமாகச் சாய்கின்றது. அச்சாய்வே ஊர்தியை வெளிப்புறம் தள்ளும் விளைவை ஈடுசெய்கின்றது. பக்கச் சக்கரங்கள் பொருத்திய பின் ஊர்தி சாய முடியாது. கைப்பிடியை எப்பக்கம் திருப்புகின்றோமோ அப்பக்கம் ஊர்தி செல்லும். ஓட்டுநரின் உடலோ வெளிப்புறமாகத் தள்ளப்படும். ஈருருளி ஓட்டிப் பழகிய ஒருவர் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரை முதன்முறை ஓட்டும்போது தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

சாலையின் ஓரம் சரிவாக இருக்கும் இடங்களில் ஈருருளி நேராக நிற்கும். இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் சாலையின் சரிவுக்கு ஏற்பச் சாய்ந்தே செல்லும். இடுப்புக்கு மேல் தசை வலுக்குறைந்த ஓட்டுநர்களுக்கு இந்தத் தொடர்ச்சாய்வு களைப்பைத் தருகின்றது.

மேலும், ஈருருளி சாலையில் ஒரே தடத்தில் செல்வதால் குழிகளை விலக்கிச் செல்ல முடியும். இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு மூன்று தடங்கள் உள்ளன. நடுச் சக்கரம் குழியைத் தவிர்த்தாலும் பக்கச் சக்கரம் அதில் இறங்கக்கூடும்.

== கவிழும் வேகம் ==

முன்புறம் ஒரே சக்கரம் இருப்பதால் இவ்வூர்தியின் தாங்குபரப்பு முக்கோண வடிவினது. வளைவில் ஊர்தி கவிழும்போது, முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியையும் வெளிப்புறப் பக்கச் சக்கரம் தரையைத் தொடும் புள்ளியையும் இணைக்கும் கோட்டின் மீது அது சுழல்கின்றது. எனவே ஈர்ப்பு மையம் பின்சக்கரங்களுக்கு அருகில் இருந்தால் நிலைத்தன்மை கூடும். அது முன்னோக்கி நகர்ந்தால் நிலைத்தன்மை குறையும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு பின்வருமாறு. பக்கச் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு 90 செ.மீ. என்க. ஓட்டுநருடன் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில், முன் அச்சிலிருந்து மொத்த அச்சிடைத் தொலைவின் 70 விழுக்காட்டில் இருப்பதாகக் கொள்வோம்.

* ஈர்ப்பு மையத்திலிருந்து கவிழும் கோட்டுக்குள்ள பக்கவாட்டுத் தொலைவு: 45 × 0.7 = 31.5 செ.மீ.
* தாங்கக்கூடிய பக்கவாட்டு முடுக்கம்: 31.5 ÷ 65 = புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 0.48 பங்கு, அதாவது நொடி வர்க்கத்துக்கு 4.75 மீட்டர்.
* 10 மீட்டர் ஆரமுள்ள தெருமுனைத் திருப்பத்தில் கவிழும் வேகம்: மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர்.
* 20 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில்: மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர்.

இருக்கையின் மீது தடித்த மெத்தை வைப்பதாலோ, உயரத்தில் சுமை ஏற்றுவதாலோ ஈர்ப்பு மையம் 75 செ.மீ. ஆக உயர்ந்தால், 10 மீட்டர் திருப்பத்தில் கவிழும் வேகம் 23 கிலோமீட்டராகக் குறையும். மாறாக, சக்கரங்களுக்கு இடையிலான தொலைவை 110 செ.மீ. ஆக்கினால் அது 27 கிலோமீட்டராக உயரும். அகலத்தை 20 செ.மீ. கூட்டியும் கிடைப்பது மணிக்கு 2 அல்லது 3 கிலோமீட்டர் மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. அகலம் கூடினால் சந்துகளிலும் வீட்டு வாயில்களிலும் நுழைய முடியாமற் போகின்றது. ஆகவே கவிழ்தலைத் தடுப்பதில் சக்கரத்தின் அகலத்தை விட, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்கும் பழக்கமே பெரும் பங்கு வகிக்கின்றது. திருப்பத்துக்குள் சென்ற பின் முன் நிறுத்தியை அழுத்துவது, எடையை முன்னோக்கித் தள்ளி, கவிழும் வாய்ப்பை மிகுவிக்கும்.

== நடுச் சக்கரத்தின் மீதான எடை ==

இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களில் அதிகம் கவனிக்கப்படாத குறை இதுவாகும். இயந்திரத்தின் விசையும் பின்புற நிறுத்தியும் நடுச் சக்கரத்தில் மட்டுமே உள்ளன. பக்கச் சக்கரங்கள் எடையைத் தாங்குமே தவிர ஊர்தியைத் தள்ளவோ நிறுத்தவோ செய்யா. ஆகவே பக்கச் சக்கரங்கள் எவ்வளவு எடையைத் தாங்கிக்கொள்கின்றனவோ, அவ்வளவுக்கு நடுச் சக்கரத்தின் பிடிமானம் குறைகின்றது.

பக்கச் சக்கரங்கள் வில் இன்றி விறைப்பாகவும் சற்றுத் தாழ்வாகவும் பொருத்தப்பட்டால், அடிச்சட்டம் அவற்றின் மீது அமர்ந்துவிடும். அப்போது நடுச் சக்கரத்தைத் தரையில் அழுத்துவது அதன் சொந்தச் சுருள்வில்லின் விசை மட்டுமே. நடுச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வில் நீண்டு, அழுத்தம் குறைந்து, இறுதியில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். இயந்திரம் சுழன்றும் ஊர்தி நகராத நிலை இவ்வாறு ஏற்படுகின்றது.

ஊர்தியும் ஓட்டுநரும் சேர்ந்து 200 கிலோகிராம் எடை கொண்டுள்ளதாகக் கொள்வோம். 1-க்கு 8 என்ற சாய்வுள்ள சரிவுப் பாதையில் ஏற ஏறத்தாழ 25 கிலோகிராம் எடைக்கு நிகரான தள்ளுவிசை தேவை. நடுச் சக்கரத்தின் மீது 40 கிலோகிராம் மட்டுமே இருந்து, உராய்வுக் கெழு 0.6 எனில், அதனால் தரக்கூடிய மிகுதியான விசை 24 கிலோகிராம். அதாவது இயந்திரத்துக்கு எவ்வளவு வலு இருந்தாலும் ஊர்தி ஏறாது, சக்கரம் வழுக்கும். மழையில் உராய்வுக் கெழு 0.4 ஆகக் குறைந்தால் விசை 16 கிலோகிராமாகும். அப்போது 1-க்கு 12 என்ற மென்மையான சரிவுகூடக் கடினமாகிவிடும். நடுச் சக்கரத்தின் மீது 90 கிலோகிராம் இருந்தால் ஈரத்தரையிலும் 36 கிலோகிராம் விசை கிடைக்கும்; இரு சரிவுகளிலும் ஏற முடியும். நிறுத்தும் திறனுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

பக்கச் சக்கரங்களைத் தரைக்குச் சற்று மேலே தூக்கி வைப்பது இதற்குத் தீர்வாகாது. அவ்வாறு செய்தால் ஊர்தி நிற்கும்போதும் திரும்பும்போதும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தொப்பென்று சாயும். ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் தனி வில் அமைத்து, ஓட்டுநர் அமர்ந்த நிலையில் நடுச் சக்கரத்தின் மீது போதிய எடை இருக்குமாறு அவ்வில்லின் இறுக்கத்தைச் சரிசெய்வதே பொருத்தமான முறையாகும். ஓட்டுநரின் எடைக்கு ஏற்ப இச்சரிசெய்தல் வேறுபடும் என்பதால், ஒருவருக்காகப் பொருத்தப்பட்ட ஊர்தி மற்றொருவருக்கு அப்படியே பொருந்துவதில்லை.

== பின்னோக்கிச் செல்லுதல் ==

ஈருருளி ஓட்டுநர் கால்களை ஊன்றி வண்டியைப் பின்னால் நகர்த்துகின்றார். கால்களைப் பயன்படுத்த இயலாதவருக்கு இது முடியாது. சுவரை நோக்கி நிறுத்திய ஊர்தியை வெளியே எடுக்க மற்றொருவரின் உதவி தேவைப்படும். இதனால், தனித்து இயங்குவதற்காக வாங்கிய ஊர்தியே சில இடங்களில் பிறரை எதிர்பார்க்கச் செய்கின்றது. கியரற்ற ஸ்கூட்டரின் வார்ப்பட்டை விசைமாற்றியில் பின்னோக்கு இயக்கம் கிடையாது. எனவே தனிப் பற்சக்கரப் பெட்டியோ சிறு மின்னோடியோ சேர்க்கப்படுகின்றது. மின்சார ஸ்கூட்டர்களில் மின்னோடியின் சுழற்சித் திசையை மாற்றினாலே போதும். ஓசூரில் உற்பத்தியாகும் ஏத்தர், டிவிஎஸ் ஐகியூப் ஆகியவற்றில் மெதுவாகப் பின்னோக்கி நகரும் வசதி தொழிற்சாலையிலேயே அமைக்கப்படுகின்றது.

== சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகள் ==

நூம்பல், வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களைக் கொண்ட மேற்குப் புறநகர், ஊர்திப் பாகங்கள் செய்யும் தொழிலோடு நெருங்கிய தொடர்புடையது. 1949-இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் மிதிவண்டித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அண்டையிலுள்ள பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் பாசனர்ஸ் ஆகிய நிறுவனங்கள் மின்பாகங்கள், நிறுத்திகள், சக்கரங்கள், மரையாணிகள் ஆகியவற்றை உற்பத்தி செய்கின்றன. 1960-களில் தமிழ்நாடு அரசு உருவாக்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை, பற்றவைத்தல், தகடு வளைத்தல் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் ஏராளமாக உள்ளன. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை இயங்குகின்றது.

இதனால் ஸ்கூட்டருக்குத் தேவையான தனிப் பாகம் ஒன்றை வரைந்து கொடுத்துச் செய்து வாங்குவது இப்பகுதியில் எளிது. சந்தைப் பாகங்களுக்குச் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் பெயர்பெற்றவை. எனினும் சக்கர அச்சு, தாங்கு சட்டம் போன்ற எடை தாங்கும் பாகங்களுக்குப் பழைய இரும்பைப் பயன்படுத்துவது ஏற்றதன்று. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அதில் முன்பே இருக்கக்கூடும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய இவ்வூர்களில் பேருந்து நிறுத்தம் வரை செல்வதே பலருக்குத் தடையாக உள்ளது. உயரமான படிகள் கொண்ட பேருந்துகளில் சக்கர நாற்காலியுடன் ஏற முடியாது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024-இல் தாழ்தளப் பேருந்துகளைச் சேர்க்கத் தொடங்கியது. அவை ஓடும் வழித்தடங்களிலும், வீட்டிலிருந்து நிறுத்தம் வரையிலான தொலைவைக் கடக்க வேறு ஏற்பாடு தேவைப்படுகின்றது.

== பயனரின் உடல்நிலைக்கேற்ற மாற்றங்கள் ==

இணைப்புச் சக்கரத்துடன் வேறு பல சிறு மாற்றங்களும் செய்யப்படுகின்றன. இவற்றுள் பல வீட்டிலோ உள்ளூர்ப் பட்டறையிலோ செய்யக்கூடியவை.

* ஊன்றுகோல் பிடிப்பான்: கால்தளத்தின் ஓரத்தில் செங்குத்தாகப் பொருத்தப்படும் குழாய். ஊன்றுகோல் கைப்பிடியின் திருப்பத்தைத் தடுக்காத இடத்தில் இது அமைய வேண்டும்.
* முதுகுச் சாய்மானம்: இடுப்புத் தசை வலுக்குறைந்தவர்களுக்கு இன்றியமையாதது.
* கால்பட்டை: உணர்வற்ற கால் ஓடும்போது கால்தளத்திலிருந்து நழுவித் தரையில் இழுபடுவதைத் தடுக்கின்றது. கவிழ்ந்தால் எளிதில் விடுபடும் ஒட்டுப்பட்டையாக இது இருத்தல் நன்று.
* புகைபோக்கிக் காப்பு: முதுகுத்தண்டுக் காயமுற்றோருக்குக் கால்களில் சூடு தெரிவதில்லை. சூடான புகைபோக்கியில் கால் பட்டு, ஆழமான தீப்புண் ஏற்பட்ட பின்னரே அது கண்ணில் படும். ஆகவே புகைபோக்கியின் தொடக்கம் முதல் இறுதி வரை காற்று இடைவெளியுடன் கூடிய தகடு பொருத்தப்பட வேண்டும்.
* இருக்கை மெத்தை: உணர்வற்ற உடற்பகுதியில் நெடுநேரம் அழுத்தம் நீடித்தால் அழுத்தப்புண் உண்டாகும். மெத்தை இதைக் குறைக்கும். ஆனால் மேலே கூறியவாறு அதன் உயரம் நிலைத்தன்மையைப் பாதிப்பதால், இருக்கையின் பழைய பஞ்சை நீக்கிவிட்டு அதனிடத்தில் மெத்தை வைப்பது பொருத்தமானது.
* நிறுத்திப் பூட்டு: சரிவில் நிற்கும்போது ஊர்தி நகராமல் இருக்கக் கை நிறுத்தியை அழுத்திய நிலையிலேயே பிடித்துவைக்கும் கொக்கி.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு உட்பட்ட புதிய ஈருருளிகளில் ஒரே பிடியால் இரு சக்கரங்களையும் நிறுத்தும் கூட்டு நிறுத்த அமைப்போ, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்போ கட்டாயமாக்கப்பட்டது. இணைப்புச் சக்கரத்தின் எடை கூடும் நிலையில் கூட்டு நிறுத்த அமைப்பு பயனுள்ளது. சக்கரம் பொருத்தும்போது அதன் கம்பி வடம் மடங்கவோ சட்டத்துடன் உரசவோ கூடாது.

== சட்ட நிலை ==

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும் வகையில் ஊர்தியை மாற்றுவதைத் தடை செய்கின்றது. 2019 சனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182அ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காகத் தகவமைக்கப்படும் ஊர்திக்குச் சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் அதற்கும் பதிவு அலுவலரின் ஒப்புதல் தேவை. மாற்றம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட வேண்டும். மேற்குப் புறநகரில் பூந்தமல்லி (டிஎன் 12), அம்பத்தூர் (டிஎன் 13) ஆகிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் உள்ளன. ஓட்டுநர் உரிமத்திலும் தகவமைக்கப்பட்ட ஊர்தி என்பது தனி வகையாகும். எனவே சாதாரண ஈருருளி உரிமம் இதற்குப் போதாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில் விபத்து இழப்பீட்டின்போது சிக்கல் எழலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 41-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தாமாகவே இடம்பெயர்வதற்கு உதவும் திட்டங்களை அரசுகள் உருவாக்க வேண்டும் என்கின்றது. ஊர்திகளை மாற்றியமைத்தலும் அத்திட்டங்களுள் ஒன்றாக அப்பிரிவில் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே பொதுவாகத் தடுக்கப்படும் ஊர்தி மாற்றம், இந்த ஒரு நேர்வில் அரசு ஊக்குவிக்க வேண்டிய கடமையாகக் கருதப்படுகின்றது.

== பராமரிப்பு ==

* புதிதாகப் பொருத்திய பின் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் அனைத்து மரையாணிகளையும் மீண்டும் இறுக்க வேண்டும். அதிர்வால் அவை தளர்வது இயல்பு.
* பற்றவைத்த இடங்களைத் துடைத்துப் பார்த்து, மயிரிழை விரிசலோ துருக்கோடோ தென்பட்டால் ஓட்டுவதை நிறுத்த வேண்டும்.
* பக்கச் சக்கரங்கள் நடுச் சக்கரத்துக்கு இணையாக உள்ளனவா என்பதை நூல் கட்டிப் பார்க்கலாம். இணையாக இல்லாவிடில் டயரின் ஒரு பக்கம் விரைவில் தேயும். ஊர்தியும் ஒரு பக்கமாக இழுக்கும்.
* இரு பக்கச் சக்கரங்களிலும் காற்றழுத்தம் சமமாக இருத்தல் வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் ஊர்தி அப்பக்கம் சாயும்.
* கூடுதல் எடையால் விசைமாற்றியின் வார்ப்பட்டையும் கிளட்சும் அதிகம் சூடாகின்றன. எனவே இவற்றை உற்பத்தியாளர் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பாகவே சோதிப்பது நல்லது. எரிபொருள் செலவும் கூடும்.

== மாற்று ஊர்திகள் ==

ஸ்கூட்டரில் ஏறி அமர, பயனர் தம் சக்கர நாற்காலியிலிருந்து இடம் மாற வேண்டும். சென்று சேரும் இடத்தில் அந்நாற்காலி இராது. இக்குறையைப் போக்கும் நோக்கில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் டிடிகே மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையமும் அங்கிருந்து தோன்றிய நியோமோஷன் நிறுவனமும் உருவாக்கிய நியோபோல்ட் என்னும் கருவி 2021-இல் வெளியிடப்பட்டது. மின்கலத்தால் இயங்கும் ஒற்றைச் சக்கர அமைப்பான இது, சக்கர நாற்காலியின் முன்புறம் இணைக்கப்படுகின்றது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை செல்லக்கூடியது. சேருமிடத்தில் இதைக் கழற்றிவிட்டு நாற்காலியை வழக்கம்போல் பயன்படுத்தலாம்.

நெடுந்தொலைவுக்கும் சுமை ஏற்றுவதற்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் தொடர்ந்து பயன்படுகின்றது. அதன் உதிரிப்பாகங்கள் எல்லா ஊர்களிலும் கிடைப்பதும், எந்த இயந்திர வினைஞராலும் பழுதுபார்க்க முடிவதும் இதற்கு முதன்மைக் காரணங்கள் ஆகும்.